தில்லைநாயகி மன்னிப்புக் கேட்கவில்லை

அக்கா,

நேற்று பெருங்குடியிலிருந்து திரும்பும்போது, பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் இயர்போன் இல்லாமல் போனில் வீடியோ பார்த்துக்கொண்டு வந்தாள். இதற்கெல்லாம் நான் எப்படி எரிந்து விழுவேன் என்று உங்களுக்குத் தெரியும். திட்டுவதற்கு வாயைத் திறந்தும்விட்டேன். அந்த நேரம் பார்த்து போனுக்குள்ளிருந்து தில்லைநாயகி, "செருப்பை மட்டும் வாசல்ல விட்டாப் போதாது, அந்தத் திமிரையும் அங்கேயே விட்டுட்டு உள்ளே வா" என்றாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

யாரோ அந்தக் காட்சியை வெட்டி, நடுநடுவே பூனை படம் ஒட்டி, காமெடி மியூசிக் போட்டிருக்கிறார்கள். தில்லைநாயகியும் அவள் தங்கையும் கூடத்தில் நின்று சண்டை போடும் காட்சி. அந்தப் பெண் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நான் முறைப்பதாக நினைத்தாளோ என்னவோ, சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, "சாரிண்ணா, டிஸ்டர்பா இருக்கா?" என்றாள்.

"இல்ல, சத்தமாவே வைங்க."

"கவனிச்சீங்களாண்ணா? ரெண்டு பேருக்கும் ஒரே வாய்ஸ். அக்காவும் இவங்களே, தங்கச்சியும் இவங்களே. செம்ம மொக்கை சீரியல்."

"ஆமா, மொக்கைதான்" என்றேன். அந்த ஒரே குரலைப் பதிவு செய்தவன் நான்தான் என்று சொல்லவில்லை. மத்திய கைலாஷ் சிக்னல் வரைக்கும் அவள் அதையே திரும்பத் திரும்பப் போட்டாள். நானும் கேட்டுக்கொண்டே வந்தேன்.

மொக்கை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தை மாதம் உங்களுக்கு நடந்த இரங்கல் கூட்டத்தில் ஆளாளுக்கு எழுந்து, அந்த மத்தியான சீரியல் ஒரு காவியம், அதில் உங்கள் குரல் ஒரு கோபுரம் என்று பேசினார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து நெளிந்துகொண்டிருந்தேன். நீங்கள் இருந்திருந்தால், "கோபுரமா? மேல காக்கா எச்சம் போட்டுக்கீதா பாருடா" என்று கேட்டிருப்பீர்கள். அந்த சீரியல் அதன் கடைசி வருஷங்களில் குப்பையாகத்தான் இருந்தது. அது நமக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. தினமும் அதை வாயில் போட்டு மென்றது நீங்கள், காதில் போட்டுக்கொண்டது நான்.

நான் வந்து சேர்ந்தபோதே அதன் நல்ல காலம் முடிந்துவிட்டது. எலக்ட்ரானிக்ஸ் படித்து, சவுண்ட் இன்ஜினியரிங் கோர்ஸும் முடித்துவிட்டு, தி.நகரில் உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் மூன்றாவது மாடியில் இருந்த அந்த டப்பிங் தியேட்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். கீழே ஜவுளிக்கடை கோடவுன். சேர்ந்த புதிதில் பழைய எபிசோடுகளை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஆரம்பத்தில் அதற்கு ஒரு முதுகெலும்பு இருந்தது. தி.நகரில் ஜவுளிக்கடை நடத்தும் தில்லைநாயகி, கடைச் சாவியை மருமகளிடம் கொடுப்பாளா மாட்டாளா. அவ்வளவுதான் கதை. கடையை நிஜமாகவே செட் போட்டிருந்தார்கள். புடவையை உதறி விரிக்கிற சத்தமே அவ்வளவு அழகாகப் பதிவாகியிருந்தது. தில்லைநாயகி கெட்டவள்தான், ஆனால் அவள் கெட்டவளாக இருப்பதற்குக் காரணம் இருந்தது.

அப்புறம் கதை வேறு எங்கெங்கோ போனது. பாயசத்தில் விஷம், மருமகளைப் போலவே இன்னொருத்தி, ஞாபகமறதி, நாகப்பாம்பு. பட்ஜெட்டைக் குறைக்கக் குறைக்கக் கடை செட்டைப் பிரித்தார்கள். முதலில் ஒரே ஒரு கவுண்டர் மட்டும் மிஞ்சியது, பிறகு அதுவும் போய், ஒரு கதவைக் காட்டி அதற்குப் பின்னால் கடை இருப்பதாக வைத்துக்கொண்டார்கள். கதவுக்குப் பின்னால் கூட்டம் முணுமுணுக்கிற சத்தத்தையும் பில் மெஷின் சத்தத்தையும் நான்தான் போட வேண்டும். கடைசி ஒரு வருஷம் அந்த ஜவுளிக்கடை என் ஹார்ட் டிஸ்க்கில் மட்டுமே நடந்துகொண்டிருந்தது.

தில்லைநாயகியாக நடித்தவர்களும் மாறினார்கள். முதலாமவர் வேறு சீரியலுக்குப் போனார். இரண்டாமவர் அமெரிக்காவில் மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போனார். ஒவ்வொரு முறையும் 'இவருக்குப் பதில் இவர்' என்று திரையில் ஓர் அறிவிப்பு போட்டார்கள், ஜனங்களும் மறுநாளே ஏற்றுக்கொண்டார்கள். முகம் மாறினாலும் குரல் மாறவில்லையே. மூன்று பேருக்கும் பேசியது நீங்கள்தான். அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்து வளர்ந்து, "இன்னாடா சவுண்டு, துன்னியா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவீர்கள். ஹெட்போனை மாட்டினதும் பரம்பரைப் பணக்காரியாக மாறி ஒரு எழுத்துப் பிசகாமல் பேசுவீர்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்த ஒரு நொடியைப் பார்ப்பதற்காகவே நான் டீயை ஆறவிட்டிருக்கிறேன்.

முன்பெல்லாம் ஏழெட்டுப் பேர் வந்து பேசுவார்களாம். என் காலத்தில் அது நான்கானது, அப்புறம் இரண்டானது. உங்களுக்கு மாமியார், மாமியாரின் தங்கை, சமையல்காரம்மா, சமயத்தில் பெண் நீதிபதி. அந்தத் தங்கை சண்டையை இரண்டு டிராக்காகப் பதிவு செய்தோம். அக்காவாக ஒரு தடவை திட்டிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வந்து, தங்கையாகப் பதில் திட்டினீர்கள். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, "டேய், பெரியவ பேசறது நாயமாத்தான் கீது. நான் எதுக்கு இப்ப அவள எதுத்துப் பேசணும்?" என்று கேட்டீர்களே, சிரித்துச் சிரித்து என்னால் சத்தத்தை ஏற்றி இறக்குகிற ஃபேடரைப் பிடிக்க முடியவில்லை.

நம் ரிப்பேர் வேலை எப்படி ஆரம்பித்தது என்று ஞாபகம் இருக்கிறதா? ஒருநாள் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, "அந்தாளு மேல போயி எத்தினி மாசமாவுது?" என்றீர்கள்.

"எந்த ஆளு?"

"என் வூட்டுக்காரன்டா. தில்லைநாயகி புருசன். ஃபைல எடுத்தாறேன்னு மாடி ஏறினவன் எறங்கவே இல்லியே."

பழைய எபிசோடுகளைப் போட்டுத் தேடிப் பார்த்தேன். உண்மைதான். அந்த நடிகருக்குத் தேதி இல்லை என்று ஒரு நாள் மாடிக்கு அனுப்பியிருக்கிறார்கள், பிறகு எல்லோரும் அவரை மறந்துவிட்டார்கள். வசனம் எழுதுபவர் ஒரே நேரத்தில் மூன்று சீரியலுக்கு எழுதிக்கொண்டிருந்தார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் பார்க்கிறவர்கள் மறக்கவில்லை. யூடியூபில் எபிசோடுக்குக் கீழே, 'மாமா இன்னும் ஃபைல் தேடுறாரா?' என்று தினமும் யாராவது கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அன்றைக்கு வந்த காட்சிகளில், தில்லைநாயகி கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் நிற்கிற ஷாட் ஒன்று இருந்தது. வாய் தெரியாத ஷாட்டில் என்ன வேண்டுமானாலும் பேசலாம். நீங்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவரைத் திருச்சிக்குத் தங்கை வீட்டுக்கு அனுப்பி வெச்சிருக்கேன். ஒரு ஃபைலைத் தேடி எடுக்கத் துப்பில்லை, இவருக்கு இந்த வீட்ல என்ன வேலை?" என்றீர்கள். நான் அதை மிக்ஸ் செய்து அனுப்பிவிட்டேன். சானலில் யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் கமெண்டில் ஒருவர், 'அப்பாடா, மாமா இறங்கிட்டார்' என்று எழுதியிருந்தார். பரீட்சையில் பாஸானது மாதிரி இரண்டு பேரும் அதைத் திரும்பத் திரும்பப் படித்தோம்.

அதற்கப்புறம் அதுவே வாடிக்கையாகிவிட்டது. வாய் தெரிகிற ஷாட்டிலும், உதடு ஒட்டுகிற இடத்தில் ஒட்டி, திறக்கிற இடத்தில் திறக்கிற வேறு வார்த்தையைப் போட்டால் போதும் என்று பிடித்துவிட்டோம். மூன்றாவதாக வந்த நடிகைக்குத் தமிழ் தெரியாது. செட்டில் எண்களைச் சொல்லித்தான் நடிப்பார். முகத்தில் கோபம் பொங்கும், வாய் மட்டும் எண்பத்தொன்று எண்பத்திரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கும். அந்த எண்களின் மேல் நீங்கள் வசனத்தைப் பொருத்துவீர்கள். என் படிப்புக்கு வேலை இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது அங்கேதான். நான் குரலை அரை நொடி இழுப்பேன், நீங்கள் ஒரு வார்த்தையைச் சுருக்குவீர்கள், ஓட்டை அடைபடும்.

உங்கள் குரல் கம்ம ஆரம்பித்தது ஒரு சித்திரையில். முதலில் ஏசி என்றீர்கள், அப்புறம் வெயில் என்றீர்கள். எனக்கு மானிட்டரில் தெரிந்தது. மேல் ஸ்தாயியில் போய்க்கொண்டிருந்த ஏதோ ஒன்று காணாமல் போயிருந்தது. "அக்கா, இது ஏசி இல்ல. டாக்டர்கிட்ட போங்க" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அடையாறில் ஒரு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்து நானே உங்களைக் கூட்டிப் போனேன். குரல்வளையில் கட்டி. ஆபரேஷன் செய்தாக வேண்டும், செய்தால் குரல் போய்விடும் என்றார்கள். தள்ளிப்போடக் கூடாது என்றும் சொன்னார்கள்.

நீங்கள் தள்ளிப்போட்டீர்கள்.

ஆடியோடு சீரியல் முடிகிறது என்று சானலில் சொல்லியிருந்தார்கள். முடித்துவிட்டு அட்மிட் ஆகிறேன் என்றீர்கள். சரி, ஆடி. ஆடி கடைசியில் போன் வந்தது. அந்த நேரத்துக்கு வர வேண்டிய புது சீரியல் இன்னும் தயாராகவில்லையாம், ஆவணி வரைக்கும் இழுக்க வேண்டுமாம். மருமகளைக் கடத்தினார்கள். ஆபரேஷன் தேதியை மாற்றினீர்கள். ஆவணி முடியும்போது திரும்பவும் போன், தீபாவளி வரைக்கும் இழுக்க வேண்டும் என்று. கடத்தினது கனவு என்று சொல்லி மறுபடியும் முதலிலிருந்து கடத்தினார்கள். அதுவரைக்கும் இழுவை என்றால் நமக்குச் சிரிப்பு. ஒருவர் திரும்பிப் பார்ப்பதை மூன்று தடவை காட்டுவார்கள், நான் மூன்று தடவை டமார் என்று சத்தம் போடுவேன். அன்றைக்கு முதல்முறையாக அந்த டமார் ஒவ்வொன்றும் உங்கள் தொண்டையில் விழுவது மாதிரி இருந்தது எனக்கு.

கீழே டீக்கடையில் வைத்துக் கத்தினேன். "அக்கா, லூசா நீங்க? இந்தக் குப்பைக்காக உயிரை விடப் போறீங்களா?"

"கத்தாதடா. எல்லாம் பாக்கறாங்க."

"பார்க்கட்டும். தேதியை இன்னொரு தடவை மாத்தப் போறேன்னு சொல்றீங்க. டாக்டர் என்ன சொன்னார், காதுல விழலையா?"

"வுழுந்துச்சு. குப்பதான்டா. யாரு இல்லன்னா? ஆனா தில்லைநாயகி என் ஆளு. மூணு பேரு வந்தாங்க, போனாங்க, நான்தான அவள வெச்சுக் காப்பாத்தினேன்? இப்ப நான் போயிட்டா கடேசி எபிசோட்ல வேற எவளயாவது இட்டாந்து, 'என்னை மன்னிச்சிடும்மா'ன்னு ஒப்பாரி வெக்க வுடுவானுங்க. அவ அழுவற ஆளாடா?"

அழுகிற ஆள் இல்லை. ஆனால் அப்படித்தான் முடிப்பார்கள் என்று எனக்கும் தெரியும். மாமியார் ஒரே எபிசோடில் திருந்துவாள், எல்லோரும் வரிசையாக நின்று சிரிப்பார்கள், சுபம்.

"குரலு போவட்டும். அவள ஒழுங்கா ஒரு எடத்துல ஒக்கார வெச்சுட்டுப் போறேன். வேற இன்னாடா கேட்டேன் நான்?"

எனக்குச் சமாதானம் சொல்லத் தெரியாது. பிரச்சினை என்று ஒன்று வந்தால் வழி கண்டுபிடிக்க மட்டும்தான் தெரியும். பாதி டீயில்தான் அது தோன்றியது. பாட்டுக்கு என்ன செய்கிறார்கள்? முதலில் பாடிப் பதிவு செய்துகொண்டு, அப்புறம்தானே படம் பிடிக்கிறார்கள். "முடிவை முதல்ல ரெக்கார்ட் பண்ணிடலாம்க்கா. நீங்க பேசிட்டுப் போங்க. அவங்க அதைப் போட்டு அதுக்கு நடிக்கட்டும்."

நீங்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தீர்கள். "நடக்குமா?"

"நடக்க வைக்கிறேன். ஒரு கண்டிஷன். ரெக்கார்டிங் முடிஞ்ச மறுநாள் நீங்க அட்மிட் ஆகணும். ஒத்துக்கலைன்னா மைக்கை ஆன் பண்ணவே மாட்டேன்."

"பார்ரா. மெரட்றான்."

"ஆமா, மிரட்டறேன்."

டைரக்டருக்குப் போன் செய்தேன். பாவம், அவருக்கும் அலுத்துப்போயிருந்தது. "அந்த அம்மா எப்படி முடியறாங்கன்னு எனக்கே இன்னும் தெரியாதேப்பா" என்றார்.

"எங்களுக்குத் தெரியும் சார்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சானல்ல கேட்டா?"

"சானல்ல யாரும் நம்ம சீரியலைப் பார்க்கறது இல்ல சார்."

அந்த மனிதர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "பண்ணுங்க" என்றார்.

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டீர்கள். தீபாவளி வரைக்கும் இழுக்கப்போகும் எபிசோடுகளுக்கு வசனமே எழுதியிருக்கவில்லை. அதனால் எதற்கும் பொருந்துகிற மாதிரி உதிரியாகப் பேசி வைத்தோம். 'ம்' மட்டும் பல விதமாக எடுத்தோம், கோபத்துக்கு, சந்தேகத்துக்கு, ஏளனத்துக்கு என்று. 'வெளியே போ', 'யார் அது', 'அப்படியா', ஒரு பெருமூச்சு, ஒரு செருமல். ஸ்டெப்னி வாய்ஸ் என்று பெயர் வைத்தீர்கள். 'ஐயோ' ஒன்றாவது வேண்டும் என்று கேட்டேன். "தில்லைநாயகி ஐயோன்னு சொல்ல மாட்டா. வேணும்னா மருமவள சொல்லச் சொல்லு" என்றீர்கள்.

சாப்பிட்டுவிட்டு வந்து கடைசி வசனம். விளையாட்டுக்கு முதலில் ஒரு தடவை, "என்னை மன்னிச்சிடும்மா, இனிமே நீ மருமக இல்ல, என் மகள்" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசிக் காட்டினீர்கள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றீர்கள். எனக்குப் பொறுமை கிடையாது, இருந்தும் அன்றைக்கு ரெடியா என்று கேட்கவில்லை.

"சாவியை வாங்கிக்கோ. மன்னிப்பெல்லாம் என்கிட்ட எதிர்பார்க்காதே, எனக்கு அது வராது. கடையை ஒன்பது மணிக்குத் திற. முகூர்த்த நாள்ல எட்டரைக்கே திற. பேரம் பேசறவங்களை விரட்டாதே, திரும்ப வர்றது அவங்கதான். வேலைக்கு இருக்கிற பொண்ணுங்களை உட்காரச் சொல்லு, நான் சொன்னதில்லை, நீ சொல்லு." அங்கே மூச்சு வாங்கியது. நான் நிறுத்தவில்லை. "என்ன நின்னு பார்த்துக்கிட்டு இருக்கே? போ. கஸ்டமர் காத்திருக்காங்க."

ஒரே டேக். குரல் கரகரத்துத்தான் இருந்தது. கடைசி 'போ' பாதி காற்றாகவே வந்தது. கரகரப்பைக் கொஞ்சம் சுத்தம் செய்யட்டுமா என்று கேட்டேன். "கைய வெச்சே, கைய ஒடச்சிடுவேன். கெழவிக்கு வயசாயிடுச்சிடா, அப்பிடியே கெடக்கட்டும்" என்றீர்கள். ஹெட்போனைக் கொக்கியில் மாட்டிவிட்டு, "வா, சூடா எதுனா துன்னலாம். நாளைக்கு வெறும் வயித்தோட வரச் சொல்லிக்கீறாங்க" என்றீர்கள். கீழே போய் இரண்டு பேரும் தோசை சாப்பிட்டோம். நீங்கள் பேசிக்கொண்டே இருந்தீர்கள். எந்தக் கடையில் நல்ல மீன் கிடைக்கும், உங்கள் தங்கை மாப்பிள்ளை எவ்வளவு சோம்பேறி, நான் ஏன் இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன். உங்கள் குரலை மைக் இல்லாமல் கேட்டது அதுதான் கடைசி.

அதற்கப்புறம் நடந்த கூத்தை ஆஸ்பத்திரிக்கு வந்து உங்களிடம் சொன்னேன், நீங்கள் நம்பவில்லை, கமெண்டுகளைக் காட்ட வேண்டியிருந்தது. ஸ்டெப்னியை வைத்து ஓட்டினதில் தில்லைநாயகி பக்கம் பக்கமாகப் பேசுவதை நிறுத்திவிட்டாள். எல்லாரும் கத்துவார்கள், அவள் ஒரு 'ம்' சொல்லுவாள். 'இந்தம்மா இப்போ பேசாமலேயே பயமுறுத்துறாங்க, கதை சூடு பிடிக்குது' என்று ஜனங்கள் எழுதினார்கள். பல வருஷத்தில் அந்த சீரியலுக்கு வந்த முதல் பாராட்டு அது. நீங்கள் படுக்கையில் கிடந்தபடி, போனில் எனக்கு எழுதிக் காட்டினீர்கள்: 'இது தெரிஞ்சிருந்தா முன்னாடியே வாய மூடிக்கினு இருந்திருப்பேன்.'

கடைசிக் காட்சி எடுத்த அன்று ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு செட்டுக்கு நானே போனேன். அந்த நடிகை முதலில் குரலை மட்டும் கேட்டார். என்ன சொல்கிறீர்கள் என்று அவருக்குப் புரியவில்லை. ஆங்கிலத்தில் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன், பேசியவர் எங்கே இருக்கிறார் என்பதையும் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை போடச் சொன்னார், அப்புறம் இன்னொரு தடவை. ஷாட்டில் அவர் எண்களை எண்ணவில்லை. தமிழில் உங்கள் வார்த்தைகளையே சொன்னார். உச்சரிப்பு கண்றாவி, ஆனால் உதடு அப்படியே பொருந்தியது.

அதை உங்கள் கே.கே. நகர் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். நீங்கள் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு கட்டிலில், நான் தரையில், பெரும்பாக்கத்திலிருந்து வந்திருந்த உங்கள் தங்கை வாசற்படியில் பூண்டு உரித்துக்கொண்டு. சாவியை நீட்டிவிட்டுத் தில்லைநாயகி பேச ஆரம்பித்தாள். மன்னிப்பெல்லாம் என்கிட்ட எதிர்பார்க்காதே என்றதும் உங்கள் தங்கை பூண்டைத் தட்டில் எறிந்தார்.

"திமிரப் பாரேன் கெழவிக்கு! எத்தினி வருசமா அந்தப் பொண்ண அழ வெச்சா, ஒரு மன்னிப்பு கேட்டா கொறஞ்சா பூடுவா?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் உங்களைப் பார்த்தேன். சொந்தத் தங்கை, கூடப் பிறந்தவர், அந்தக் குரல் யாருடையது என்பதையே மறந்துவிட்டு டிவியைப் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். 'வேலைக்கு இருக்கிற பொண்ணுங்களை உட்காரச் சொல்லு' என்ற இடம் வந்தபோது அவர் கை நின்றுவிட்டது. முடிந்ததும் மூக்கைச் சிந்திக்கொண்டு, "போவுது. கெட்டவதான், ஆனா புத்தி கீது" என்றார். நீங்கள் சத்தமே வராமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தீர்கள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தீர்கள். அப்புறம் போனை எடுத்து எழுதி எனக்குக் காட்டினீர்கள்: 'சவுண்டுல பேஸ் கொஞ்சம் ஜாஸ்தி.'

ஜாஸ்திதான். ஒத்துக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தீர்கள். வீட்டில் உட்கார முடியாமல் தியேட்டருக்கு வர ஆரம்பித்தீர்கள், என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு. புதிதாகப் பேச வந்தவர்கள் சொதப்பினால் மேஜையில் தட்டுவீர்கள், பிடித்திருந்தால் என் தோளில் தட்டுவீர்கள். அந்த மாதங்களை நான் கணக்கில் வராமல் கிடைத்தவையாகத்தான் நினைக்கிறேன். இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போட்டிருந்தால் அவை இருந்திருக்காது என்று டாக்டர் பிறகு என்னிடம் சொன்னார். உங்களிடம் இதை நான் சொல்லவில்லை. நீங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நன்றி சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எதற்கெதற்கு என்று யோசித்தால், அந்த மோசமான சீரியலில் ஒரு வேலையை நல்லபடியாகச் செய்ய முடியும் என்று எனக்குக் காட்டியதற்கு என்று எழுதலாம். அதுவும் உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரியது ஒன்று உண்டு. நான் எதைச் சொன்னாலும் ஜனங்களுக்குக் கோபம்தான் வரும். வீட்டில், வேலையில், எங்கேயும் அப்படித்தான். என் வாயின் லட்சணம் அது. அன்றைக்கு டீக்கடையில் அத்தனை பேர் முன்னால் உங்களை லூசு என்று கத்தினேன். நீங்கள் அதற்குள்ளிருந்த விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மறுநாள் காலையில் வந்து நின்றீர்கள். என் பேச்சைக் கேட்டீர்கள், அக்கா. அதற்குத்தான் நன்றி.

இப்போது தியேட்டர் என் பொறுப்பில் இருக்கிறது. புது சீரியலுக்கு ஷெட்யூல் போடும்போது, பேச வருகிறவர்களிடம் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று கேட்கிறேன்: ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது ஏதாவது இருக்கா? முதலில் எல்லோரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். இருந்தால் அந்தத் தேதியைத்தான் முதலில் எழுதிக்கொள்வேன், எபிசோடுகள் அதைச் சுற்றித்தான் வரும். போன வாரம் புதிதாக வந்த ஒரு பெண், ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். வியாழக்கிழமை ஒரு ஸ்கேன், ஆனால் சீரியல் முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன், பரவாயில்லை என்றாள்.

"எந்த சீரியல் எப்ப முடிஞ்சிருக்கு? வியாழக்கிழமை இங்கே வந்தா உள்ளே விட மாட்டேன்" என்றேன்.

கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் வியாழக்கிழமை அவள் வரவில்லை.